வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்தல்: புதிதாகத் தொடங்கும் பொறியாளருக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிப் பாடநூலில் வரும் வகைக்கெழுச் சமன்பாடுகள் பெரும்பாலும் சூத்திரத்துக்குள் அடங்கும்படி பொறுக்கி எடுக்கப்பட்டவை. வேலையில் எதிர்ப்படுபவை அப்படி அடங்குவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் காற்றுத் தடை, சூடேறச் சூடேற மாறும் மின்தடை, பாதி திறந்த வால்வின் வழியே பாயும் நீர் என்று எதை எடுத்தாலும், அடிப்படைச் சார்புகளால் விடையை எழுத முடியாத நிலைக்கு விரைவில் வந்து சேர்கிறோம். சிறிய கோணத்தில் ஆடும்போது அவ்வளவு எளிதாக இருக்கும் தனி ஊசல்கூட, கோணம் பெரிதானதும் அடிப்படைச் சார்புகளின் பிடியை விட்டு நழுவிவிடும். அங்கேதான் எண்ணியல் முறைகள் தேவைப்படுகின்றன.

இந்த முறைகளை நிரலாக எழுதுவது கடினமன்று. பத்து வரிகளில் முடிந்துவிடும். வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறிவதே கடினம். கணினி கேட்டதும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், ஆனால் அந்த எண்ணின் எத்தனை இலக்கங்கள் உண்மையானவை என்று தானாகச் சொல்லாது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு முறையையும் அதன் பிழையோடு சேர்த்தே பார்க்கப்போகிறோம். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சிறு கணக்கைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம். தாளும் எழுதுகோலும் ஒரு சாதாரணக் கால்குலேட்டரும் பக்கத்தில் இருந்தால் நல்லது; கீழே வரும் எண்களை ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்த்தவருக்குப் பின்னால் வரும் எதுவும் மர்மமாகத் தோன்றாது.

முதல் படி: சமன்பாட்டைத் தீர்க்கத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவருதல்

எண்ணியல் முறைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு வடிவத்தைத்தான் எதிர்பார்க்கின்றன: ஒரு கணத்தில் அமைப்பின் நிலை தெரிந்தால், அந்த நிலை மாறும் வீதத்தைக் கணக்கிட்டுத் தரும் ஒரு சார்பு, அதனோடு ஒரு தொடக்க நிலை. இதைத் தொடக்க மதிப்புக் கணக்கு என்பார்கள்.

நமது உதாரணக் கணக்கு இது. 90 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஓர் உலோகத் துண்டு, 30 டிகிரி உள்ள காற்றில் ஆறுகிறது. வெப்பநிலை மாறும் வீதம், துண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை −0.1 ஆல் பெருக்கியது, காலம் நிமிடத்தில். பத்து நிமிடம் கழித்து வெப்பநிலை என்ன? சூத்திரத்தால் இதைத் தீர்க்கலாம். வேறுபாடு அடுக்குக்குறியாகக் குறைந்து, பத்தாவது நிமிடத்தில் 52.073 டிகிரி வரும். இந்த எண்ணை ஓர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளை இந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வழியையும் இங்கேயே பழகிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இயந்திரவியலில் வரும் கணக்குகளில் பெரும்பகுதி அந்த வகைதான். சுருள்வில்லில் கட்டிய ஒரு நிறையை எடுத்துக்கொண்டால், முடுக்கம் என்பது இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு. இடப்பெயர்ச்சியை ஒரு மாறியாகவும் வேகத்தை இன்னொரு மாறியாகவும் கொண்டால், இரண்டு முதல் வரிசைச் சமன்பாடுகள் கிடைக்கின்றன: இடப்பெயர்ச்சி மாறும் வீதம் வேகமே, வேகம் மாறும் வீதம் விசையை நிறையால் வகுத்தது. நான்காம் வரிசைச் சமன்பாடாக இருந்தால் நான்கு மாறிகள், பத்து நிறைகள் நேர்கோட்டில் அசையும் அமைப்பாக இருந்தால் இருபது மாறிகள். முறை மாறுவதில்லை, பட்டியல்தான் நீள்கிறது.

அலகுகளையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். ஆறும் வீதத்தின் மாறிலியை நிமிடக் கணக்கிலும் படி நீளத்தை (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் கால அளவை) நொடிக் கணக்கிலும் கொடுத்து, வரைபடம் ஏன் செங்குத்தாக விழுகிறது என்று நான் ஒரு முழுநாள் தேடியிருக்கிறேன். முறையில் குற்றம் தேடுவதற்கு முன் அலகுகளைப் பார்ப்பது அன்று முதல் என் வழக்கம்.

இரண்டாம் படி: ஆய்லர் முறையைக் கையால் போட்டுப் பார்த்தல்

லியோனார்ட் ஆய்லர் 1768-இல் வெளியிட்ட முறை இன்றும் நல்ல தொடக்கமாக இருக்கிறது. அதன் கருத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

புதிய மதிப்பு = பழைய மதிப்பு + படி நீளம் × பழைய இடத்தின் சாய்வு (அதாவது மாறும் வீதம்)

படி நீளம் 2 நிமிடம் என்று கொள்வோம். தொடக்கத்தில் வேறுபாடு 60 டிகிரி. ஆகவே சாய்வு நிமிடத்துக்கு −6. இரண்டு நிமிடத்தில் 12 டிகிரி குறைந்து 78 ஆகிறது. இப்போது வேறுபாடு 48, சாய்வு −4.8, அடுத்த மதிப்பு 68.4. இப்படியே தொடர்ந்தால் 60.72, பிறகு 54.576, கடைசியாகப் பத்தாவது நிமிடத்தில் 49.66 டிகிரி. உண்மையான விடையைவிட ஏறத்தாழ 2.4 டிகிரி குறைவு.

குறைவாக வந்ததற்குக் காரணம் உண்டு. துண்டு சூடாக இருக்கும்போது வேகமாக ஆறும். ஆற ஆற அந்த வேகம் குறையும். ஆனால் ஆய்லர் முறை, படியின் தொடக்கத்தில் இருந்த வேகமே படி முடியும் வரை நீடிப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் தேவைக்கு மேல் கொஞ்சம் ஆற்றிவிடுகிறது.

படியைச் சிறிதாக்கிப் பார்ப்போம். படி 1 நிமிடமானால் விடை 50.92, பிழை 1.15. அரை நிமிடமானால் 51.51, பிழை 0.56. கால் நிமிடமானால் 51.79, பிழை 0.28. படியைப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழப் பாதியாகிறது. இவ்வாறு பிழை படி நீளத்துக்கு நேர் விகிதத்தில் குறையும் முறையை முதல் வரிசை முறை என்கிறோம். பத்து மடங்கு துல்லியம் வேண்டுமானால் பத்து மடங்கு உழைக்க வேண்டும் என்பது அதன் பொருள். பொறியியல் கணக்குகளுக்கு இது கட்டுப்படியாகாத விலை. ஆய்லர் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முடிவான கணக்குக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் கருத்து.

மூன்றாம் படி: பாதியாக்கும் சோதனை

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பிழையை நம்மால் சொல்ல முடிந்தது, உண்மையான விடை தெரிந்திருந்ததால். வேலையில் உண்மையான விடை தெரியாது; தெரிந்தால் கணக்கே போட மாட்டோம். அப்போது பிழையை எப்படி மதிப்பிடுவது?

ஒரே கணக்கை ஒரு படி நீளத்திலும் அதன் பாதியிலும் போட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட வேண்டும். 1 நிமிடப் படிக்கும் அரை நிமிடப் படிக்கும் வந்த விடைகளின் வேறுபாடு 0.588. அரை நிமிடப் படியின் உண்மையான பிழை 0.564. உண்மையான விடையைப் பாராமலேயே, பிழையின் அளவை இவ்வளவு நெருக்கமாக அறிந்துவிட்டோம். முதல் வரிசை முறையில் இந்த வேறுபாடே ஏறத்தாழ இரண்டாவது விடையின் பிழை; வரிசை கூடிய முறைகளில் பிழை அந்த வேறுபாட்டைவிடவும் மிகச் சிறியதாக இருக்கும்.

அந்த இரண்டு விடைகளைக் கொண்டே மூன்றாவதாக ஒரு நல்ல விடையையும் பெறலாம். அரை நிமிட விடையை இரண்டால் பெருக்கி 1 நிமிட விடையைக் கழித்தால் 52.098 வருகிறது, பிழை 0.025 மட்டுமே. இதற்கு ரிச்சர்ட்சன் புறநீட்டல் என்று பெயர். புதிதாக எந்தச் சாய்வையும் கணக்கிடாமல் இருபது மடங்குக்கு மேல் துல்லியம் கூடியிருக்கிறது. பிழை ஓர் ஒழுங்கோடு குறைவதால்தான் இது முடிகிறது. பிழையின் ஒழுங்கைத் தெரிந்துகொண்டவர் அதைக் கருவியாகவே பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

நான்காம் படி: ரங்கே–குட்டா முறை

ஆய்லர் முறையின் குறை, படி முழுவதற்கும் தொடக்கச் சாய்வை மட்டும் நம்புவது. கார்ல் ரங்கே 1895-இலும், கார்ல் ஹாயின் 1900-இலும், வில்ஹெல்ம் குட்டா 1901-இலும் இந்தக் குறையைத் தீர்க்கும் வழிகளைக் கண்டார்கள். படிக்குள்ளேயே சில இடங்களில் சாய்வை அளந்து பார்த்து, அவற்றின் சராசரியைப் பயன்படுத்துவதுதான் அந்த வழி.

ஹாயின் பெயரில் வழங்கும் எளிய முறையில், முதலில் ஆய்லர் முறையால் படியின் முடிவுக்கு ஒரு தற்காலிக மதிப்பைப் பெற்று, அங்குள்ள சாய்வையும் கணக்கிட்டு, தொடக்கச் சாய்வுக்கும் முடிவுச் சாய்வுக்கும் சராசரி எடுத்து, அதைக் கொண்டு மீண்டும் படியைத் தொடக்கத்திலிருந்து எடுக்கிறோம். 1 நிமிடப் படியில் இதன் பிழை 0.040, அரை நிமிடப் படியில் 0.0095. படி பாதியானால் பிழை கால்பங்காகிறது. ஆகவே இது இரண்டாம் வரிசை முறை.

பொறியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது நான்காம் வரிசை ரங்கே–குட்டா முறை. அதில் நான்கு சாய்வுகள் உண்டு. 5 நிமிடப் பெரிய படியோடு நமது கணக்கில் அதைப் போட்டுப் பார்ப்போம். முதல் சாய்வு தொடக்கத்தில்: −6. அந்தச் சாய்வோடு பாதிப் படி நடந்தால் 75 டிகிரி. அங்கே இரண்டாம் சாய்வு −4.5. மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பி, இரண்டாம் சாய்வோடு பாதிப் படி நடந்தால் 78.75 டிகிரி, அங்கே மூன்றாம் சாய்வு −4.875. மறுபடி தொடக்கத்திலிருந்து மூன்றாம் சாய்வோடு முழுப் படி நடந்தால் 65.625 டிகிரி, அங்கே நான்காம் சாய்வு −3.5625. இவற்றை 1, 2, 2, 1 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி 6 ஆல் வகுத்தால் சராசரிச் சாய்வு −4.71875. அதை 5 ஆல் பெருக்கி 90-உடன் கூட்டினால், ஐந்தாவது நிமிடத்தில் 66.406 டிகிரி. இன்னொரு படி எடுத்தால் பத்தாவது நிமிடத்தில் 52.090 டிகிரி.

இரண்டே படிகளில், எட்டே சாய்வுக் கணக்குகளில் பிழை 0.0175. ஆய்லர் முறை நாற்பது சாய்வுகளைக் கணக்கிட்டும் 0.28-க்குக் கீழே இறங்கவில்லை. இதே ரங்கே–குட்டா முறையில் படியை 1 நிமிடமாக்கினால் பிழை 0.00002 ஆகச் சுருங்கிவிடுகிறது. படியைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகும் என்பதே நான்காம் வரிசை என்பதன் பொருள்.

நீங்களே நிரல் எழுதும்போது, மேலே உள்ள நான்கு சாய்வுகளையும் உங்கள் நிரல் தரும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் படி சரியாக வந்தால்தான் ஆயிரமாவது படியைப் பற்றிப் பேச முடியும்.

ஐந்தாம் படி: நிலைப்புத்தன்மையைத் தனியாகப் பார்த்தல்

துல்லியம் ஒன்று, நிலைப்புத்தன்மை வேறொன்று. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

அதே ஆறும் கணக்கை ஆய்லர் முறையில், 25 நிமிடப் படியோடு போடுங்கள். சாய்வு −6, ஆகவே 150 டிகிரி குறைந்து −60 ஆகிறது. அங்கே வேறுபாடு −90, சாய்வு +9. அடுத்த மதிப்பு 165. அதற்கடுத்தது −172.5. ஒவ்வொரு படியிலும் வேறுபாடு −1.5 ஆல் பெருக்கப்படுவதால், விடை மேலும் கீழும் தாவிக்கொண்டே முடிவின்றிப் பெருகுகிறது. தானாக ஆறி அடங்கும் ஒரு பொருள், கணக்கில் வெடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் ஆய்லர் முறை நிலைக்க வேண்டுமானால் படி 20 நிமிடத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 2-ஐ மாறிலி 0.1 ஆல் வகுத்து வரும் அளவு. நான்காம் வரிசை ரங்கே–குட்டாவுக்கு அந்த எல்லை சற்று நகர்ந்து 27.8 நிமிடம் அளவில் நிற்கிறது. துல்லியத்தில் அவ்வளவு முன்னேறிய முறை, நிலைப்புத்தன்மையில் சிறிதளவுதான் முன்னேறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த எல்லையே இல்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டு. ஆய்லர் முறையில் பழைய இடத்தின் சாய்வுக்குப் பதிலாக, இன்னும் தெரியாத புதிய இடத்தின் சாய்வைப் பயன்படுத்துவதுதான் அது. இதனை உட்படு முறை என்றும், இதுவரை பார்த்தவற்றை வெளிப்படு முறைகள் என்றும் சொல்வோம். புதிய மதிப்பு சமன்பாட்டின் இருபுறமும் வருவதால், ஒவ்வொரு படியிலும் ஓர் இயற்கணிதச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். நேரியல் அல்லாத கணக்கானால் ஒவ்வொரு படியிலும், தோராய விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி நெருங்கும் நியூட்டன் முறையை ஓடவிட வேண்டும். நமது நேரியல் கணக்கில் அது எளிது: வேறுபாடு ஒவ்வொரு படியிலும் 3.5 ஆல் வகுக்கப்படுகிறது. 25 நிமிடப் படியில் வெப்பநிலை 47.1, 34.9, 31.4 என்று அமைதியாக 30-ஐ நோக்கி இறங்குகிறது.

ஆனால் 25-ஆவது நிமிடத்தில் உண்மையான வெப்பநிலை 34.9, உட்படு முறை சொல்வதோ 47.1. வரைபடம் வழுவழுப்பாக இருக்கிறது, போக்கும் சரியாக இருக்கிறது, மதிப்பு மட்டும் 12 டிகிரி தவறு. வெடித்துச் சிதறும் விடை தன் தவறைத் தானே காட்டிவிடும். வழுவழுப்பான தவறான விடை காட்டாது. உட்படு முறையைப் பயன்படுத்துபவருக்குப் பாதியாக்கும் சோதனை இன்னும் அவசியமாகிறது.

விறைப்பான சமன்பாடுகள்

அவ்வளவு வேலை வைக்கும் உட்படு முறையை யார் விரும்பிப் பயன்படுத்துவார்கள்? ஒரே அமைப்பில் மிக வேகமாக அடங்கும் ஒன்றும் மெதுவாக மாறும் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்போது வேறு வழியில்லை. ஒரு மின்சுற்றின் ஒரு பகுதி ஒரு மைக்ரோநொடியில் அடங்கிவிடுகிறது, நாம் பார்க்க விரும்பும் பகுதியோ சில நொடிகளில் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமான பகுதி எப்போதோ அடங்கிவிட்டாலும், வெளிப்படு ஆய்லர் முறையின் படி 2 மைக்ரோநொடியைத் தாண்ட முடியாது. 5 நொடிக்கு 25 லட்சம் படிகள். அவ்வளவும் துல்லியத்துக்காக அல்ல, வெடிக்காமல் இருப்பதற்காக மட்டுமே.

இத்தகைய சமன்பாடுகளை விறைப்பானவை என்று 1952-இல் கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் இருவரும் வேதியியல் வினைவேகக் கணக்குகளை ஆராய்ந்தபோது அடையாளம் காட்டினார்கள். எரிதல், வேதியியல் உலைகள், மின்னணுச் சுற்றுகள், கட்டுப்பாட்டு அமைப்புகள் ஆகியவற்றில் இவை அன்றாடம் வருபவை. உங்கள் வெளிப்படு முறை, வரைபடம் தட்டையாக இருக்கும் இடத்திலும் மிகச் சிறிய படிகளாக எடுத்துக்கொண்டு ஊர்ந்தால், சமன்பாடு விறைப்பானதோ என்று ஐயுறுங்கள். அந்த இடத்தில் வேகமான கணினியைத் தேடுவதைவிட உட்படு முறைக்கு மாறுவதே சரியான மருந்து.

அலைவுகளுக்கு ஓர் எச்சரிக்கை

தணிப்பு இல்லாத சுருள்வில்–நிறை அமைப்பின் ஆற்றல் மாறக்கூடாது. கோண அதிர்வெண் நொடிக்கு 1 ரேடியன், படி 0.1 நொடி என்று கொண்டு ஆய்லர் முறையில் போட்டால், ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1.01 மடங்காகிறது. நூறு படிகளில் 2.7 மடங்கு. உட்படு ஆய்லர் முறையிலோ அதே நூறு படிகளில் ஆற்றல் 0.37 பங்காகத் தேய்கிறது. ஒன்று இல்லாத ஆற்றலை ஊட்டுகிறது, மற்றொன்று இல்லாத தணிப்பை நுழைக்கிறது. ஒரு பாலத்தின் அதிர்வையோ ஒரு சுழலும் தண்டின் அதிர்வையோ ஆராய்பவர், தன் வரைபடத்தில் காணும் தணிப்பு இயற்பியலிலிருந்து வந்ததா, முறையிலிருந்து வந்ததா என்று பிரித்தறியாவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

இதற்கு ஒரு மிகச் சிறிய திருத்தம் உண்டு. முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு இடப்பெயர்ச்சியைப் புதுப்பிக்க வேண்டும். நிரலில் இரண்டு வரிகளின் வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். ஆற்றல் ஓர் எல்லைக்குள் ஊசலாடுமே தவிர ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகாது. கட்டட அதிர்வுக் கணக்குகளுக்கு நேதன் நியூமார்க் 1959-இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதிலும் முறை நுழைக்கும் தணிப்பைக் கட்டுப்படுத்தும் அளவுருக்கள் இருக்கின்றன. எந்த முறையானாலும், தணிப்பை நீக்கிவிட்டு ஒரு முறை ஓடவிட்டு ஆற்றலை வரைந்து பாருங்கள்.

ஆறாம் படி: ஆயத்தத் தொகுப்புகளைப் புரிந்து பயன்படுத்துதல்

நடைமுறையில் மேட்லேப் மென்பொருளின் ஓடிஇ45 (ode45) என்ற தீர்வியையோ, பைத்தான் மொழியின் சைபை (SciPy) தொகுப்பில் உள்ள சால்வ்_ஐவிபி (solve_ivp) என்ற தீர்வியையோதான் பயன்படுத்துவீர்கள். ஓடிஇ45-உம், சைபையில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் தெரிவாகும் முறையும், டோர்மண்ட், பிரின்ஸ் இருவரும் 1980-இல் வெளியிட்ட இணை முறையை அடிப்படையாகக் கொண்டவை. அதே சாய்வுகளிலிருந்து ஐந்தாம் வரிசை விடை ஒன்றும் நான்காம் வரிசை விடை ஒன்றும் கிடைக்கின்றன. இரண்டின் வேறுபாடே பிழையின் மதிப்பீடு. மதிப்பீடு நாம் கொடுத்த டாலரன்ஸுக்குள் (ஏற்கத்தக்க பிழை அளவுக்குள்) இருந்தால் படி ஏற்கப்பட்டு அடுத்த படி நீளமாகிறது. மீறினால் படி நிராகரிக்கப்பட்டுச் சிறிய படியோடு மீண்டும் முயலப்படுகிறது. மூன்றாம் படியில் நாம் கையால் செய்த சோதனையின் கருத்தையே இது ஒவ்வொரு படியிலும் தானாகச் செய்கிறது.

இரண்டிலும் டாலரன்ஸின் இயல்பு மதிப்புகள் ஒன்றே: சார்பு டாலரன்ஸ் (மாறியின் மதிப்புக்கு விகிதமாக) 0.001, தனி டாலரன்ஸ் (மாறியின் அலகிலேயே) 0.000001. இந்த இரண்டாவது எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் மாறி நானோஆம்பியர் அளவிலான மின்னோட்டமாக இருந்து, அதை ஆம்பியரில் எழுதியிருந்தால், அதன் மதிப்பு முழுவதுமே தனி டாலரன்ஸைவிடச் சிறியது. தீர்வி அதைப் பிழை என்றே கருதி, எந்தக் கவனமும் செலுத்தாது. மாறிகளை ஒன்றுக்கு அருகிலான அளவுக்கு மாற்றி எழுதுங்கள், அல்லது ஒவ்வொரு மாறிக்கும் தனியான டாலரன்ஸைக் கொடுங்கள். பின்பு, இரண்டு டாலரன்ஸையும் பத்தில் ஒரு பங்காக்கி மீண்டும் ஓடவிட்டு, விடையின் எந்த இலக்கம் வரை மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் கொடுத்த டாலரன்ஸ் மொத்த விடையின் பிழைக்கு உத்தரவாதம் ஆகாது.

விறைப்பான கணக்குகளுக்கு மேட்லேபில் ஓடிஇ15எஸ், சைபையில் ராடாவ் அல்லது பிடிஎஃப் என்ற தெரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாறிக்கும் ஏற்ப ஒவ்வொரு சாய்வும் எவ்வளவு மாறும் என்று காட்டும் ஜேக்கோபியன் அணியை நீங்களே எழுதிக் கொடுத்தால் இவை இன்னும் சீராக ஓடும்.

தடங்கல் வரும் இடங்கள்

அடியில் துளையுள்ள தொட்டியில் நீர் மட்டம் குறையும் வீதம், மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். தொட்டி காலியாகும் தறுவாயில் ஒரு படி சற்றுத் தாண்டினால் மட்டம் எதிர்ம எண்ணாகும். அதன் வர்க்கமூலத்தைக் கேட்டதும் நிரல் பொருளற்ற மதிப்பைத் தந்து, அதன்பின் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வால்வு மூடுதல், பந்து தரையில் மோதுதல், தெர்மோஸ்டாட் அணைதல் ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. சாய்வு திடீரென்று மாறும் இடத்தில் எந்த உயர் வரிசை முறையும் தன் வரிசையை இழக்கும். அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தி, புதிய தொடக்க நிலையோடு மீண்டும் தொடங்குவதே முறை. தொகுப்புகளில் நிகழ்வு கண்டறியும் வசதி இதற்காகவே இருக்கிறது.

காலத்தைக் கணக்கிடும்போது 0.1-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். படியின் எண்ணிக்கையைப் படி நீளத்தால் பெருக்குங்கள். 0.1 என்ற எண்ணை இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பத்தில் ஒரு நொடியாக எண்ணிய நேரத்தை 24 இருமங்களில் நொடியாக மாற்றியதில் ஏற்பட்ட சிறு பிழை, ஏறத்தாழ 100 மணி நேர ஓட்டத்தில் 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. வந்த ஏவுகணையை அது தவறவிட, 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். இன்றைய இரட்டைத் துல்லிய எண்களில் இப்பிழை மிகவும் சிறியது என்றாலும், கோடிக்கணக்கான படிகளுள்ள கணக்கில் இந்தப் பழக்கம் பயன் தரும்.

இடமும் காலமும் சேரும்போது

ஒரு தண்டின் நெடுகிலும் வெப்பம் பரவுவதைக் கணக்கிட, தண்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் வெப்பநிலையையும் ஒரு மாறியாகக் கொண்டால், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு நாம் முன்பே பழகிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் வெளிப்படு ஆய்லர் முறையில், காலப் படியை வெப்பப் பரவல் கெழுவால் பெருக்கி, துண்டு நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அரைக்கு மேல் போகக்கூடாது. அலுமினியத்துக்கு அந்தக் கெழு நொடிக்கு ஏறத்தாழ 0.0001 சதுர மீட்டர். துண்டு 1 சென்டிமீட்டரானால் காலப் படி அரை நொடி வரை போகலாம். 1 மில்லிமீட்டரானால் 0.005 நொடிதான். துண்டைப் பத்தில் ஒன்றாக்கினால் காலப் படி நூறில் ஒன்றாகிறது. கிராங்க், நிக்கல்சன் இருவரும் 1947-இல் தந்த உட்படு முறைக்கு இந்த எல்லை இல்லை. துல்லியமும் இரண்டாம் வரிசை. இருமுனைகளிலும் நிபந்தனை கொடுக்கப்பட்ட எல்லை மதிப்புக் கணக்குகளுக்கும் இவ்வாறு துண்டுகளாக்கி ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பதையே முதலில் முயலச் சொல்வேன்.

கடைசிப் படி: நிரலைச் சோதித்தல்

நான்காம் வரிசை ரங்கே–குட்டா நிரலில் மிக எளிதாக நுழையும் பிழை ஒன்று உண்டு. மூன்றாம் சாய்வைக் கணக்கிடும் வரியில், இரண்டாம் சாய்வைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் முதல் சாய்வைப் பயன்படுத்திவிடுவது. மேல் வரியை நகலெடுத்து ஒட்டும்போது நேர்வது. நமது ஆறும் கணக்கை 1 நிமிடப் படியோடு அந்தப் பிழையுள்ள நிரலில் ஓடவிட்டால் விடை 52.092 வரும். சரியான விடை 52.073. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். யார் பார்த்தாலும் நிரல் சரி என்றே சொல்வார்கள்.

இப்போது படியை அரை நிமிடமாக்குங்கள். பிழை 0.0193-இலிருந்து 0.0047 ஆகிறது, அதாவது நான்கில் ஒரு பங்கு. நான்காம் வரிசை முறையில் பதினாறில் ஒரு பங்காகியிருக்க வேண்டும். விகிதம் 16-க்குப் பதிலாக 4 என்று வந்தால், எங்கோ ஒரு கெழு தவறியிருக்கிறது, அல்லது சாய்வுச் சார்பில் ஒரு தடங்கல் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒரு வரியைத் திருத்தியபின் இதே சோதனையை மீண்டும் செய்தால், பிழை 0.00002-இலிருந்து 0.0000012 ஆக இறங்கும். விகிதம் 16-ஐ ஒட்டி வந்தபின் உங்கள் உண்மையான சமன்பாட்டை அந்த நிரலுக்குள் வையுங்கள்.